வெள்ளைப் புள்ளிக்கு எத்தனை காரணங்கள்? தேயிலை மலையிலிருந்து ஒரு மீள்பார்வை

பிள்ளைக்கு ஆறு, ஏழு வயதில் பால் பல் விழுந்து புதுப் பல் முளைக்கிறது. அதில் சுண்ணாம்பு நிறத்தில் ஒரு புள்ளியோ குறுக்குக் கோடோ தெரிகிறது. எவ்வளவு தீட்டினாலும் போவதில்லை. இது எதனால் வந்தது என்ற கேள்விக்கு ஒரு நூற்றாண்டுக்கும் மேலாகப் பல பதில்கள் சொல்லப்பட்டுவருகின்றன. சுண்ணாம்புச் சத்துக் குறைவு என்றார்கள், தண்ணீர் என்றார்கள், தேயிலை, பற்பசை, சூத்தையின் தொடக்கம், குழந்தைப் பருவத்துக் காய்ச்சல் என்றும் சொன்னார்கள். ஒவ்வொரு பதிலும் ஏதோ ஓர் ஊரில், ஏதோ ஒரு கூட்டத்துப் பிள்ளைகளின் வாயைப் பார்த்துச் சொல்லப்பட்டது. அந்த ஊருக்கு அது பெரும்பாலும் சரியாகவே இருந்தது. ஓர் ஊரின் பதிலை இன்னோர் ஊருக்கு அப்படியே தூக்கிச் சென்றபோதுதான் குழப்பம் தொடங்கியது.

நுவரெலியாவிலிருந்து இராகலை வழியாகக் கிழக்கே இறங்கினால் வரும் உடப்புசல்லாவையையும் அதைச் சூழ்ந்த தோட்டங்களையும் மனத்தில் வைத்து அந்தப் பதில்களைத் திரும்பப் பார்ப்பது இக்கட்டுரையின் நோக்கம். இலங்கையில் பல்லின் கறை பற்றிப் பேச்செடுத்தாலே அனுராதபுரமும் பொலன்னறுவையும்தான் நினைவுக்கு வருகின்றன. மலைநாட்டின் நிலைமை அதுவல்ல. இங்கே மழை வேறு, பாறை மேல் ஓடும் நீர் வேறு, குழந்தை முதலில் குடிக்கப் பழகும் பானமும் வேறு.

பல்லுக்குள் நடப்பது

பல்லின் வெளி உறையான மிளிரி, வழக்கில் எனாமல், நிறையில் ஏறத்தாழ 96 விழுக்காடு கனிமம். ஈறுக்குள் பல் உருவாகும்போது உயிரணுக்கள் முதலில் ஒரு புரதச் சட்டத்தை அமைக்கின்றன. பிறகு அந்தப் புரதத்தை வெளியேற்றிவிட்டு அதன் இடத்தைக் கனிமத்தால் நிரப்புகின்றன. பல் வெளியே வருவதற்குள் அந்த உயிரணுக்கள் மறைந்துவிடுவதால், எனாமலில் நேர்ந்த குறையை உடம்பு பின்னால் வந்து திருத்துவதில்லை.

புள்ளி வெள்ளையாகத் தெரிவதற்குக் காரணம் நுண்துளைகள். கனிமம் குறைந்த இடத்தில் நீரோ காற்றோ புகுந்துகொள்கிறது. எனாமலின் ஒளிவிலகல் எண் சுமார் 1.62, நீருக்கு 1.33, காற்றுக்கு 1. இந்த வேறுபாட்டால் ஒளி சிதறி அந்த இடம் வெளிறித் தோன்றுகிறது. ஈரம் பட்ட கடதாசி ஒளியை ஊடுருவ விட்டு, காய்ந்ததும் மறுபடி வெளுப்பதைப் போன்றதுதான் இதுவும். வாயைத் திறந்து தூங்குகிற பிள்ளையின் பற்புள்ளி காலையில் பளிச்சென்று தெரிந்து, எச்சில் பட்டதும் மங்குவது இதனால்தான். பல் வைத்தியர் பல்லைக் காற்றால் உலர்த்திப் பார்ப்பதன் பொருளும் இதுவே. உலர்த்தினால் மட்டும் தெரியும் புள்ளி மேலோட்டமானது. ஈரத்திலும் தெரிந்தால் குறை ஆழமாகப் போயிருக்கிறது.

நுண்துளை ஏன் உண்டாயிற்று என்பதில்தான் கருத்துகள் பிரிகின்றன.

சுண்ணாம்புச் சத்து என்ற பழைய பதில்

ஊர்கள் தோறும் முதலில் சொல்லப்படும் விளக்கம், உடம்பில் சுண்ணாம்புச் சத்துப் போதவில்லை என்பது. நகத்தில் வெள்ளை விழுந்தாலும் இதையே சொல்வார்கள். இதை வெறும் நம்பிக்கை என்று தள்ளுவது சரியல்ல. 1918 முதல் இங்கிலாந்தில் மே மெல்லன்பி நாய்க்குட்டிகளை வைத்துச் செய்த சோதனைகள், உயிர்ச்சத்து டி குறைந்த உணவில் வளரும் பற்களின் எனாமல் குறைபட்டு உருவாவதைக் காட்டின. கைக்குழந்தைப் பருவத்தில் இரத்தத்தில் கல்சியம் கடுமையாகக் குறைந்தால் பல்லில் தடம் விழும் என்பது இன்றும் ஏற்கப்படும் கருத்து.

காலக்கணக்கில்தான் இந்தப் பதில் பிழைக்கிறது. முன் பல்லின் எனாமல் பிறந்த சில மாதங்களில் உருவாகத் தொடங்கி நான்கைந்து வயதுக்குள் முடிந்துவிடுகிறது. ஏழு வயதுப் பிள்ளைக்குப் புள்ளியைப் பார்த்தபின் கல்சியம் மாத்திரை வாங்கிக் கொடுத்தால் அது எலும்புக்கு உதவலாம், புள்ளியைத் தொடாது. அந்தச் செலவைக் கணக்கிடும்போது இது சிறிய பிழையல்ல. நாட்சம்பளத்தில் வாழும் வீட்டில் மாத்திரைக்குப் போகும் பணம் முட்டைக்கோ பாலுக்கோ போயிருக்க வேண்டிய பணம்.

தண்ணீர் என்ற பதில்

1901 இல் அமெரிக்காவின் கொலராடோ ஸ்பிரிங்ஸ் நகருக்குத் தொழில் செய்ய வந்த பல் வைத்தியர் பிரெடரிக் மெக்கே, அவ்வூரில் பிறந்து வளர்ந்தவர்களின் பற்களில் மட்டும் வெள்ளையும் பழுப்புமாகக் கறை இருப்பதைக் கவனித்தார். அதே ஆண்டில் இத்தாலியின் நேப்பிள்ஸ் பகுதியிலிருந்து கப்பலேறியவர்களின் பற்களில் இதே தோற்றத்தை அமெரிக்க மருத்துவர் ஜே. எம். ஈகர் பதிவு செய்தார். 1909 இல் அக்காலத்தின் பெயர்பெற்ற பல் அறிஞர் ஜி. வி. பிளாக் மெக்கேயுடன் சேர்ந்துகொண்டார். கறை படிந்த பற்கள் எளிதில் சூத்தையாவதில்லை என்பது அவர்களுக்கு வியப்பாக இருந்தது. குடிநீர்மேல் மெக்கேக்குச் சந்தேகம் எழுந்தது. ஆனால் நீரில் இருப்பது எது என்று தெரியவில்லை. 1931 இல் ஓர் அலுமினியக் கம்பனியின் வேதியியலாளர் எச். வி. சர்ச்சில், பாக்சைட் என்ற ஊரின் கிணற்று நீரைச் சோதித்து மிகையான புளோரைட்டைக் கண்டார். அதே ஆண்டில் அரிசோனாவிலும் வட ஆபிரிக்காவிலும் வேறு ஆய்வாளர்கள் தனித்தனியே இதே முடிவுக்கு வந்தனர்.

அதன்பின் டிரென்ட்லி டீன் கறையைத் தரம் பிரிக்கும் அளவுகோலை வகுத்தார். 21 நகரங்களில் ஏழாயிரத்துக்கு மேற்பட்ட பிள்ளைகளைப் பார்த்து 1942 இல் முடிவுகளை வெளியிட்டார். லீற்றருக்கு 1 மில்லிகிராம் அளவில் சூத்தை வெகுவாகக் குறைகிறது, கறையோ கண்ணை உறுத்தாத அளவில் நிற்கிறது என்பது அவர் கண்டது. 1945 ஜனவரியில் கிராண்ட் ரபிட்ஸ் நகரம் குடிநீரில் புளோரைட்டைச் சேர்க்கத் தொடங்கியது இந்தக் கணக்கை நம்பித்தான்.

நம் பக்கத்தில் கதை வேறு திசையில் போனது. அன்றைய சென்னை மாகாணத்தின் நெல்லூர் மாவட்டத்தில் ஷார்ட், பண்டிட், ராகவாச்சாரி ஆகியோர் 1937 இல் வெளியிட்ட ஆய்வு, மிகையான புளோரைட்டால் வரும் புளோரோசிஸ் நோய் பல்லோடு நிற்காமல் முதுகெலும்பையே இறுக்கிவிடுவதை உலகுக்குக் காட்டியது. தமிழ்நாட்டில் தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்கள் இதே துயரத்தைத் தலைமுறைகளாகச் சுமந்தன. காவிரி நீரைக் கொண்டுவர 2013 இல் தொடங்கப்பட்ட ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டத்தின் பெயரிலேயே புளோரோசிஸ் தணிப்பும் இடம்பெற்றது.

இலங்கையில் சி. பி. திசாநாயக்கவும் உடனாய்வாளர்களும் 1980களில் நாட்டின் நிலத்தடி நீர் வேதியியலை வரைபடமாக்கினர். உலர் வலயத்தில் புளோரைட்டு மிகுதி, ஈர வலயத்தில் குறைவு என்ற பிரிவு அதில் தெளிவாகத் தெரிந்தது. மலைநாட்டுப் பாறைகளிலும் புளோரைட்டுத் தரும் கனிமங்கள் உண்டு. ஆனால் ஓயாத மழை அதைக் கழுவிக்கொண்டு போய்விடுகிறது. கீழ்நாட்டில் நீர் நின்று, ஆவியாகி, செறிகிறது. 1992 இல் வர்ணகுலசூரியவும் உடனாய்வாளர்களும் நான்கு பகுதிகளின் 14 வயதுப் பிள்ளைகளை ஆராய்ந்தபோது, லீற்றருக்கு 1 மில்லிகிராமுக்குக் குறைவாகப் புளோரைட்டுள்ள நீரைக் குடித்தவர்களிலும் மூன்றில் ஒரு பங்கினருக்கு இலேசான கறை இருந்தது. வெப்பமான நாட்டில் பிள்ளைகள் அதிகம் தண்ணீர் குடிப்பதால் உச்ச வரம்பு 0.8 ஆக இருக்க வேண்டும் என அவர்கள் பரிந்துரைத்தனர். உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டு அளவு 1.5. இலங்கையின் குடிநீர்த் தரம் 1.0. இந்த மூன்று எண்களும் ஒன்றையொன்று ஒத்துப்போகாமல் இருப்பதே, தண்ணீரை மட்டும் அளந்து பிள்ளையின் பல்லைக் கணித்துவிட முடியாது என்பதற்குச் சான்று.

மலைக்குப் பொருந்தாத கணக்கு

உடப்புசல்லாவைப் பக்கத்துத் தோட்டங்களில் நீர் பெரும்பாலும் மலையூற்றிலிருந்தும் ஓடையிலிருந்தும் வருகிறது. பீலியில் பிடிக்கிற அந்தத் தண்ணீர் ஆழ்கிணற்று நீரைப் போலப் பாறைக்குள் நெடுங்காலம் கிடந்ததல்ல. ஆகவே தண்ணீர்க் கோட்பாட்டின்படி இங்கே புளோரோசிஸ் அரிதாகவே இருக்க வேண்டும்.

இந்த விதிக்கு இரண்டு விலக்குகள் உண்டு. முதலாவது, மக்களின் இடப்பெயர்வு. 1977 இலும் 1983 இலும் நடந்த வன்செயல்களுக்குத் தப்பி மலையகத் தமிழர் பலர் வவுனியா, கிளிநொச்சி பக்கம் குடியேறினர். 1964 ஒப்பந்தத்தின்படி இந்தியாவுக்கு அனுப்பப்பட்டவர்கள் நீலகிரியிலும் தமிழ்நாட்டின் வேறு மாவட்டங்களிலும் வாழத் தலைப்பட்டனர். உலர் வலயத்தில் பிறந்து மூன்று வயதில் மலைக்கு வந்த பிள்ளையின் பல், வன்னிக் கிணற்றின் தடத்தை வாழ்நாள் முழுதும் வைத்திருக்கும். மலையில் பிறந்து எட்டு வயதுக்குப் பின் கீழே இறங்கிய பிள்ளைக்கு முன் பல்லில் ஒன்றும் வராது. எனவே ‘எந்த ஊர்?’ என்று கேட்பதைவிட ‘முதல் மூன்று வருடம் எங்கே வளர்ந்தாய்?’ என்று கேட்பது பயன் தரும். பரிசோதனைப் படிவங்களில் இன்றைய முகவரி மட்டும் எழுதப்பட்டால் பிழையான முடிவுதான் கிடைக்கும்.

இரண்டாவது விலக்கு தேத்தண்ணி. அதை விரிவாகப் பார்க்க வேண்டும்.

தேத்தண்ணி என்ற பதில்

தேயிலைச் செடி அமில மண்ணில் வளர்வது. மண்ணிலிருந்து அலுமினியத்தையும் புளோரைட்டையும் உறிஞ்சி இலையில் சேர்த்துவைப்பது அதன் இயல்பு. இலை முதிர முதிரச் சேமிப்பும் கூடுகிறது. கொழுந்தில் குறைவு, முற்றிய இலையில் மிகுதி. திபெத், மொங்கோலியப் பகுதிகளில் முற்றிய இலைகளையும் காம்புகளையும் அழுத்திச் செய்யும் கட்டித் தேயிலையைக் குடித்தே புளோரோசிஸ் வந்தது நன்கு பதிவானது. அங்கே குற்றவாளி தண்ணீர் அல்ல. இங்கிலாந்தில் 2013 இல் வெளியான ஓர் ஆய்வு, மலிவு விலைக் கறுப்புத் தேயிலைகளின் சாயத்தில் லீற்றருக்குச் சராசரியாக 6 மில்லிகிராம் அளவுக்குப் புளோரைட்டைக் கண்டது. விலை கூடிய தேயிலைகளில் அது குறைவாக இருந்தது.

இலங்கையிலேயே இதற்குச் சான்று உண்டு. நாட்டின் தென்பகுதியில் 14 வயது மாணவர் 518 பேரிடம் வான் டெர் ஹூக், ஏக்கநாயக்க முதலியோர் நடத்தி 2003 இல் வெளியிட்ட ஆய்வில் 43 விழுக்காட்டினருக்குப் புளோரோசிஸ் இருந்தது. நீரின் அளவே முதற்காரணம். ஆனால் ஏழு வயதுக்கு முன்பே தேநீர் குடித்துப் பழகியது தனித்து நிற்கும் ஒரு காரணமாகவும் தெரிய வந்தது. பற்பசைக்கு அந்த ஆய்வில் தொடர்பு தெரியவில்லை. குழந்தைக்குத் தேநீர் கொடுக்கும் வழக்கம் நாடெங்கும் உள்ளதுதான். ஆனால் தேயிலையே தொழிலும் வாழ்வுமான மலையில் இந்த முடிவு கூடுதல் கவனத்துக்குரியது.

ஒரு கணக்கைப் போட்டுப் பார்க்கலாம். ஒன்று முதல் மூன்று வயதுப் பிள்ளைக்கு நாளொன்றுக்கு 0.7 மில்லிகிராம் புளோரைட்டு போதும், 1.3 ஐத் தாண்டக் கூடாது என்பது 1997 இல் அமெரிக்க மருத்துவ நிறுவனம் வகுத்த அளவு. சாயத்தில் லீற்றருக்கு 3 மில்லிகிராம் என்று நடுத்தரமாக வைத்துக்கொண்டால், 150 மில்லிலீற்றர் கோப்பை ஒன்றில் 0.45 மில்லிகிராம் இருக்கும். மூன்று கோப்பை குடித்தால் வரம்பு கடந்துவிடுகிறது, அதுவும் தண்ணீரில் ஒன்றுமே இல்லாத நிலையில். பால் சேர்த்தால் உடம்பு உறிஞ்சும் அளவு சற்றுக் குறையும். பால்மா விலை ஏறும்போதெல்லாம் வீடுகள் சாயத் தேத்தண்ணிக்குத் திரும்புவதால், அந்தச் சிறு காப்பும் விலையோடு சேர்ந்து போய்விடுகிறது.

தூளின் தரமும் இங்கே முக்கியம். கொழுந்தை ஆய்பவர்களின் வீட்டுக்கு வருவது பெரும்பாலும் நுண்ணிய தூள். அது இலைத் தேயிலையைவிட விரைவாகச் சாயத்தையும் புளோரைட்டையும் வெளிவிடுகிறது. அடுப்பில் நீண்ட நேரம் கொதிக்கவிட்டால் இன்னும் கூடும். உயர்ந்த தரம் ஏற்றுமதியாகி, நுண்தூள் தொழிலாளர் குடியிருக்கும் லயத்தில் தங்கும் ஏற்பாட்டுக்கு இப்படி ஒரு வேதியியல் விளைவும் உண்டு என்பதை நலவாழ்வு பேசுகிறவர்கள் கவனிக்க வேண்டும்.

இந்தப் பதிலுக்கும் வரம்பு உண்டு. தேநீரால் வரும் புளோரோசிஸ் வழக்கமாக இலேசானது, குறுக்குக் கோடுகளாகவும் மங்கிய வெண்மையாகவும் நிற்கும். ஒற்றைப் பல்லில் வட்டமாகத் தெரியும் புள்ளியை அதனால் விளக்க முடியாது. அத்துடன் தேத்தண்ணியைக் குற்றவாளியாக்கி நிறுத்திவிட்டால், அதில் கரைக்கும் சீனி கண்ணில் படாமல் தப்பிவிடும்.

சூத்தையின் முதல் அடையாளம்

எல்லா வெள்ளைப் புள்ளியும் பல் உருவாகும்போதே வந்தவை அல்ல. முளைத்த பிறகும் வரும். பல்லில் படியும் பற்காரையிலுள்ள கிருமிகள் சீனியை அமிலமாக்குகின்றன. அமிலநிலை சுமார் 5.5 க்குக் கீழே இறங்கும்போது எனாமலிலிருந்து கனிமம் கரைந்து வெளியேறுகிறது. எச்சில் அதைத் திருப்பிக் கொடுக்க முயலும். அடிக்கடி இனிப்புப் பட்டால் அந்த முயற்சி தோற்கிறது. ஈறோரமாகப் பிறை வடிவில், பளபளப்பு மங்கி, சொரசொரப்பாகத் தெரியும் வெள்ளை இந்த வகை. இது சூத்தையின் முதற்படி.

சூப்பிப் போத்தலில் சீனி போட்ட தேத்தண்ணியையோ பால்மாவையோ வைத்துக்கொண்டே தூங்கும் குழந்தையின் மேல் முன்பற்களில் இது முதலில் தோன்றும். தாய் விடியக்காலையில் மலைக்குப் போக, தோட்டத்துக் குழந்தைக் காப்பகமான பிள்ளை மடுவத்திலோ பாட்டியிடமோ விடப்படும் குழந்தையை அமர்த்துவதற்குக் கையிலிருக்கும் வழி அதுதான். தாயைக் குறைசொல்லும் அறிவுரைகள் இந்த வேலை நேரத்தைக் கணக்கில் எடுப்பதே இல்லை. பெரியவர்கள் உள்ளங்கையில் சீனியை வைத்து நக்கிக்கொண்டே சாயம் குடிக்கும் வழக்கத்தில், பல் நீண்ட நேரம் இனிப்பில் ஊறுகிறது. தேசிய வாய்ச் சுகாதார ஆய்வுகளின்படி இலங்கையில் ஐந்து வயதுப் பிள்ளைகளில் ஐவரில் மூவருக்கு மேல் சூத்தை உண்டு.

இந்த இடத்தில் மலையகத்தின் வாய்கள் உலகப் புகழ்பெற்ற ஓர் ஆய்வுக்குப் பயன்பட்ட வரலாற்றைச் சொல்லியாக வேண்டும். ஹரால்ட் லோ என்ற நோர்வே நாட்டு அறிஞரின் குழு, 1970 முதல் 1985 வரை பூண்டுலோயாப் பக்கத்து ஆண் தோட்டத் தொழிலாளர் 480 பேரின் வாயைத் திரும்பத் திரும்பப் பரிசோதித்தது. 1986 இல் வெளியான கட்டுரை, ஈறு நோய் யாரும் தலையிடாமல் எப்படி வளர்கிறது என்பதற்கு இன்றும் பாடநூல்களில் மேற்கோள் காட்டப்படுகிறது. அவர்களில் சுமார் 8 விழுக்காட்டினருக்கு நோய் வேகமாகவும், 81 விழுக்காட்டினருக்கு மிதமாகவும் வளர்ந்தது. 11 விழுக்காட்டினருக்கு ஈறு வீக்கத்தைத் தாண்டி வளரவே இல்லை. இதே மனிதர்களிடம் சூத்தை ஏறத்தாழ இல்லை என்றும் அக்குழு எழுதியது.

இந்த இரண்டாவது செய்தி நம் கேள்விக்கு முக்கியமானது. சூத்தை இல்லாமைக்குத் தேயிலையின் புளோரைட்டு காரணமா, அக்கால உணவில் இனிப்புக் குறைவு காரணமா, இரண்டுமா என்று பிரித்துச் சொல்லும் வகையில் அந்த ஆய்வு அமைக்கப்படவில்லை. அது ஈறைப் பார்க்கவே அமைந்தது. ஆனாலும் அன்றைய தலைமுறை குடித்த அதே தேத்தண்ணியைத்தான் இன்றைய பிள்ளைகளும் குடிக்கிறார்கள். கடைகளில் பிஸ்கட்டும் இனிப்புப் பானமும் பெருகிவிட்டன. தேயிலை மட்டுமே பல்லைக் காத்திருந்தால் இன்றும் காத்திருக்க வேண்டும். பழுது உணவுப் பக்கம் இருப்பதாகக் கருத இது இடம் தருகிறது. பதினைந்து ஆண்டுகள் நோயை அளந்து பார்த்த இடத்தில் சிகிச்சை ஏன் அதே அளவுக்கு வந்து சேரவில்லை என்ற அறக்கேள்வியும் இதோடு நிற்கிறது. அந்த ஆய்வைப் பாடமாக நடத்துகிறவர்கள் இக்கேள்வியையும் சேர்த்தே நடத்த வேண்டும் என்பது இக்கட்டுரையின் துணிபு.

சூத்தைப் புள்ளிக்கு மற்றவற்றுக்கு இல்லாத ஒரு நற்செய்தி உண்டு: அது திரும்பக்கூடியது. நெதர்லாந்தில் பக்கர் டிர்க்ஸ் 1966 இல் வெளியிட்ட ஆய்வில், எட்டு வயதில் கடைவாய்ப் பற்களில் கண்ட 72 வெள்ளைப் புள்ளிகள் பதினைந்து வயதில் மறுபடி பார்க்கப்பட்டன. 9 மட்டுமே குழியாகியிருந்தன. 26 அப்படியே நின்றன. 37 மறைந்து பல் நல்ல நிலையில் இருந்தது. பல்லைச் சுத்தமாக வைத்து, புளோரைட்டுப் பற்பசையைப் பாவித்து, இனிப்பு படும் தடவைகளைக் குறைத்தால் மாதங்களில் வேறுபாடு தெரியக்கூடும்.

இந்த இடத்தில் இரு கோட்பாடுகளும் நேருக்கு நேர் மோதுகின்றன. புளோரோசிஸ் என்றால் குழந்தைக்குச் சேரும் புளோரைட்டைக் குறைக்க வேண்டும், சூத்தை என்றால் பற்பசைப் புளோரைட்டு வேண்டும். புள்ளியை அடையாளம் காணாமல் ‘எல்லாம் புளோரைட்டால்தான்’ என்று பற்பசையை நிறுத்துவது, சூத்தை மிகுந்த பிள்ளைக்குப் பெருங்கேடு. உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைப்பது பத்து இலட்சத்தில் 1000 முதல் 1500 பங்கு புளோரைட்டுள்ள பற்பசை. 1000 பங்கு என்றால் ஒரு கிராமில் 1 மில்லிகிராம். தூரிகை நீளத்துக்குப் பிதுக்கிச் சிறு குழந்தை விழுங்கினால் ஒரு நாள் அளவு ஒரே தடவையில் போய்விடும். அரிசி அளவு மட்டும் வைத்தால் பத்தில் ஒரு பங்கே. மூன்று வயதுக்கு மேல் பட்டாணி அளவு போதும். விலையில்லாத இந்த ஒரு திருத்தம் இரு பக்கமும் பயன் தருகிறது.

காய்ச்சல், பசி, அடிபட்ட பால் பல்

இன்னொரு கூட்டத்து அறிஞர்கள், புள்ளிகளில் கணிசமானவை நீருக்கும் சீனிக்கும் தொடர்பில்லாத வளர்ச்சிக் குறைகள் என்கின்றனர். முதற் கடைவாய்ப் பல்லிலும் முன்பல்லிலும் எல்லை தெளிந்த வெள்ளை, மஞ்சள் திட்டுகளாகத் தோன்றும் ஒரு நிலைக்கு 2001 இல் ஐரோப்பிய ஆய்வாளர்கள் தனிப் பெயர் இட்டனர். உலக அளவில் எட்டுப் பிள்ளைகளில் ஒருவருக்கு இது இருப்பதாக மதிப்பீடுகள் கூறுகின்றன. முதல் மூன்று ஆண்டுகளில் வந்த காய்ச்சல், மூச்சுநோய், பரம்பரை ஆகியவை காரணங்களாகப் பேசப்படுகின்றன, ஒன்றும் உறுதிப்படவில்லை. பால் பல்லில் அடிபட்டு, அதன் கீழே வளரும் பல்லில் ஒற்றைப் புள்ளி விழுவதும் உண்டு. அதற்கு மட்டும் காரணம் தெளிவு.

பசியின் தடம் இன்னொன்று. 1971 இல் குவாத்தமாலாவில் கடுமையான ஊட்டக்குறைவுள்ள பிள்ளைகளின் பால் பற்களில் குறுக்கே ஓடும் எனாமல் குறை மிகுந்திருப்பதை ஸ்வீனியும் உடனாய்வாளர்களும் காட்டினர். இலங்கையில் 2016 ஆம் ஆண்டின் மக்கள்தொகை, சுகாதார ஆய்வு, ஐந்து வயதுக்குட்பட்டவர்களில் வயதுக்கேற்ற உயரம் இல்லாதவர்கள் நாடளாவில் 17 விழுக்காடு என்றும், தோட்டத்துறையில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு என்றும் கணித்தது. உயரத்தைத் தடுத்த அதே குறை, அதே மாதங்களில் உருவான பல்லையும் தொட்டிருக்கக் கூடும். மலையகத்துக்கு இந்தப் பதிலின் பொருத்தம் பெரிது என்றே தோன்றுகிறது. தண்ணீரை அளக்கப் புறப்பட்டவர்கள் பிள்ளையின் எடை அட்டையையும் அருகில் வைத்துப் பார்த்திருக்க வேண்டும்.

வகைகளைப் பிரிக்க 1961 இல் ரசல் வகுத்த வழி இன்றும் பயன்படுகிறது. இரு பக்கத்து ஒத்த பற்களிலும் ஒரே மாதிரி, எல்லை மங்கி, கோடுகளாக ஓடினால் புளோரோசிஸ். ஒரு பல்லில் மட்டும், எல்லை தெளிந்து, வட்டமாக இருந்தால் வேறு காரணம். ஈறோரம் பிறை வடிவில் இருந்தால் சூத்தை. கலப்பு வகைகளும் வருவதால் இந்த விதியும் எப்போதும் பிடிகொடுப்பதில்லை.

புள்ளியோடு வாழ்தல்

கறை எவ்வளவு துன்பம் தருகிறது என்பதிலும் கருத்து ஒன்றல்ல. 2000 இல் பிரித்தானியாவின் யோர்க் பல்கலைக்கழக மீள்பார்வை, லீற்றருக்கு 1 மில்லிகிராம் புளோரைட்டுள்ள நீரைக் குடிப்பவர்களில் 48 விழுக்காட்டினருக்கு ஏதோ அளவில் புளோரோசிஸ் இருக்கலாம், தோற்றம் பற்றிக் கவலை தரும் அளவில் இருப்பது 12.5 விழுக்காட்டினருக்கு என்று மதிப்பிட்டது. இலேசான கறை வாழ்க்கைத் தரத்தைப் பாதிப்பதில்லை என்பது பல ஆய்வுகளின் முடிவு. கடுமையானது பாதிக்கிறது.

இந்த முடிவுகளை அப்படியே ஏற்கத் தயக்கம் உண்டு. அளவுகோல்கள் பல்லை அளக்கின்றன, சூழலை அளப்பதில்லை. கொழும்பில் கடை வேலைக்கு நேர்முகம் போகும் இளைஞனுக்கும், பெண் பார்க்க வருகிறவர்கள் முன் இருக்கும் பெண்ணுக்கும், சிரிக்கும்போது கை வாய்க்குப் போவது பல்லை மட்டும் பற்றியதல்ல. ‘தோட்டத்துப் பிள்ளை’ என்று ஏற்கெனவே ஒரு பார்வை இருக்கும் இடத்தில் சிறு புள்ளியும் பெரிதாகத் தெரிகிறது. ‘ஒழுங்காய்ப் பல் தீட்டவில்லை’ என்ற பழியும் கூடவே வருகிறது. புளோரோசிசும் வளர்ச்சிக் குறையும் தீட்டாததால் வருவன அல்ல. பாடசாலையில் இதை உரக்கச் சொல்வதே ஒரு சிகிச்சை.

வீட்டு வைத்தியங்களில் சில ஆபத்தானவை. கரி, செங்கல் தூள் போட்டுத் தேய்த்தால் எனாமல் தேயும். தேசிக்காயும் உப்பும் அமிலத்தால் இன்னும் கனிமத்தைக் கரைக்கும். பல் வைத்தியரிடம் உள்ள வழிகள் வேறு: இலேசான கறையை அமிலமும் நுண்பொடியும் கொண்டு மேலோட்டமாகச் சுரண்டியெடுத்தல், வெளுப்பாக்குதல், 2009 முதல் புழக்கத்துக்கு வந்த பிசின் ஊடுருவல், ஆழமானால் பூச்சு. பிசின் ஊடுருவலின் தத்துவம் எளிது. நுண்துளையில் உள்ள காற்றின் இடத்தில், எனாமலுக்கு நெருங்கிய ஒளிவிலகல் எண் கொண்ட பிசின் போய் நிற்பதால் ஒளி சிதறல் குறைகிறது. நல்ல பலன் தருகிறது, எல்லா ஆழத்துக்கும் அல்ல. தோட்டத்து வருமானத்தில் இவை எட்டக்கூடியவையும் அல்ல. பாடசாலைப் பல் சிகிச்சையாளர் சேவை 1950களிலிருந்து நாட்டில் இருப்பதால், அந்த வலை மலையில் எவ்வளவு நெருக்கமாகப் பின்னப்படுகிறது என்பதே நடைமுறைக் கேள்வி.

இன்னும் தீராதவை

தண்ணீர்க் கோட்பாட்டின் வலிமையான சான்றுகள் உலர் வலயத்தைச் சேர்ந்தவை, மலைக்கு அவை நேரடியாகப் பொருந்தா. தேயிலைக் கோட்பாடு நம்பத்தக்கது. சாயத்தின் வலிமை, குடிக்கத் தொடங்கிய வயது, சேர்த்த பால் ஆகிய மூன்றையும் ஒன்றாக அளக்காமல் அதன் எடையைச் சொல்ல இயலாது. அந்த அளவீட்டுக்குக் குழந்தைகளின் சிறுநீர்ப் புளோரைட்டே நம்பகமான வழி, நினைவை நம்பிக் கேட்கும் கேள்வித்தாள் அல்ல. சூத்தைப் புள்ளிக்குச் சான்று மிக வலுவானது, செய்யக்கூடியதும் மிக அதிகம். வளர்ச்சிக் குறை பற்றிய கோட்பாடு காரணத்தில் பலவீனமானது, ஆனால் மலையகத்தின் ஊட்டக்குறை எண்களோடு வைத்துப் பார்க்கையில் புறக்கணிக்க முடியாதது.

மலைக்கே உரிய ஒரு முரண் இன்னும் தீர்க்கப்பட வேண்டும். ஆண்டுச் சராசரி வெப்பம் 16 பாகை அளவிலுள்ள நுவரெலியாப் பகுதியில் மக்கள் குறைவாகத் தண்ணீர் குடிப்பார்கள் என்பதால், வெப்பநாட்டுக்கு வகுத்த இறுக்கமான வரம்பு இங்கே தேவையில்லை என்று ஒருவர் வாதிடலாம். குளிருக்குச் சூடாகக் குடிப்பதோ தேத்தண்ணி. அதைப் பச்சைத் தண்ணீர்க் கணக்கில் சேர்ப்பதா, தனியே எண்ணுவதா என்பதைப் பொறுத்து விடை மாறும். முதல் மூன்று வயதின் வதிவிடம், பிறப்பு எடை, பானம், பற்பசை என்ற நான்கையும் ஒரே பதிவேட்டில் வைத்துத் தோட்டப் பிள்ளைகளைப் பத்தாண்டுகள் தொடரும் ஓர் ஆய்வு இந்தக் கேள்வியைப் பெருமளவு தீர்க்கும். லோவின் குழு பதினைந்து ஆண்டுகள் தொடர்ந்தது. இம்முறை தொடர்கிறவர்கள் சிகிச்சையையும் கொண்டு வர வேண்டும்.